தட்டின் மேல் கை

ஓசூர்,
2.11.2024

அன்புத் தங்கை சுஜாதாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீ என் நம்பரை பிளாக் செய்து ஒரு வாரம் ஆகிறது. தபால்காரரை பிளாக் செய்ய வழியில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார். மோனிஷாவுக்கு மறுபடியும் முகம் வீங்கிவிட்டது, காலையில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை, சேலத்தில் காட்டிவிட்டு வந்தோம் என்றார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "அவ உங்க பேரையே எடுக்க வேண்டாங்கறாளுங்க மச்சான்" என்றார். சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது.

நான் என்னம்மா செய்துவிட்டேன்? அறுப்பின் பண்டிகைக்கு உங்கள் சபையில் பிரசங்கம் செய்யக் கூப்பிட்டார்கள், வந்தேன். பிள்ளை ஒன்பது மாதமாக வியாதி இல்லாமல் துள்ளிக்கொண்டிருந்தாள். அந்த நன்மையை நாலு பேர் கேட்கச் சாட்சியாகச் சொல் என்று மேடையில் இருந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன். வந்து சொன்னாய். பத்தொன்பதாவது நாள் வியாதி திரும்பியது. இரண்டையும் நீ ஒரே கயிற்றில் கட்டுகிறாய். போதகருடைய தங்கை நன்றி சொல்லப் பயப்படலாமா? பயம் விசுவாசத்துக்கு எதிரி என்று உனக்கே தெரியும்.

மோனிஷாவுக்கு வீக்கம் வடிந்ததா என்று ஒரு வரி எழுது. என் மேல் கோபம் இருந்தால் அதை அடுத்த வரியில் எழுது.

உன் அண்ணன்,
மேக்ஸ்வெல்


வாழவந்தி,
7.11.2024

அண்ணனுக்கு,

மேலே ஸ்தோத்திரம் என்று எழுதவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

வீக்கம் வடியவில்லை. அடுத்த வரி கேட்டீர்கள். என் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே என்னைக் கூப்பிட்டீர்கள். அதுதான் கோபம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பண்டிகையில் யாரும் கூப்பிடாமல் நானாக எழுந்து நின்றேன். பக்கத்தில் அம்மா. மடியில் மூன்று வயது மோனிஷா. இவருக்கு எஸ்டேட்டில் டிரைவர் வேலை நிரந்தரமான வருஷம். மனசு நிறைந்து, "ஆண்டவரே, எனக்கு இது போதும்" என்றேன். எட்டாம் நாள் அம்மா காப்பித் தோட்டத்துப் படியில் விழுந்தாள். ஐந்து மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். நான் போதும் என்றேன், அவர் சரி என்று நிறுத்திக்கொண்டார். எனக்கு அப்படித்தான் படுகிறது. படிக்காதவள் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வார்த்தை கிடையாது. சோறு வேண்டாம் என்றால் தட்டின் மேல் கையை வைத்து மறைப்போம். மோனிஷாவையும் அப்படியே பழக்கிவிட்டேன். "உங்க பொண்ணு மதியம் சோறு போடறப்ப வாயே தொறக்கறதில்லைங்க, கையத்தான் வெக்கறா" என்று டீச்சர் சொன்னார். நானும் இவரும் சிரித்து மழுப்பினோம்.

இதெல்லாம் தெரிந்தும் கூப்பிட்டீர்கள். பக்கத்து வீட்டுக் கண்ணம்மாளக்கா, "ஊரறியச் சொல்லலாமா கண்ணு? நாவூறு பட்டிருச்சு. நாஞ் சுத்திப் போடறேன்" என்கிறாள். நாங்க அதெல்லாம் நம்பறதில்லீங்க்கா என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றேன்.

காலையில் நான் படுகிற பாட்டை நீங்கள் ஒரு நாள் பார்க்க வேண்டும். பிள்ளையின் சிறுநீரைக் கண்ணாடி டியூபில் ஊற்றி, ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தில் நாலு சொட்டு விட வேண்டும். தெளிவாக நின்றால் நல்லது. கலங்கினால் உடம்பில் இருக்கிற புரோட்டீன் வெளியே போகிறது என்று அர்த்தம். லேசாகக் கலங்கினால் நோட்டில் ஒரு பிளஸ், பால் மாதிரி ஆனால் மூன்று. சொட்டு விழுந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறேன், பிறகுதான் பார்க்கிறேன். இன்றைக்கு இரண்டு பிளஸ். இந்த மருந்துக்கு அடங்காவிட்டால் சிறுநீரகமே கெட்டுப்போகும் பிள்ளைகள் உண்டு என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எனக்கு இருப்பது இவள் ஒருத்தி.

சுஜாதா


ஓசூர்,
13.11.2024

அன்புத் தங்கைக்கு,

ஸ்தோத்திரம். உனக்கும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்ததும் சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று பக்கம் எழுதினேன். நல்ல பிரசங்கம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கண்ணம்மாளக்கா பயப்படுவது ஊர்க்கண்ணுக்கு. நீ பயப்படுவது ஆண்டவருடைய கண்ணுக்கு. இரண்டில் உன்னுடையதுதான் மோசம். ஊர்க்கண்ணுக்கு மிளகாய் சுற்றிப் போடலாம். உன்னுடைய கடவுள் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டால் பிரம்பை எடுக்கிறவராக அல்லவா இருக்கிறார். அவரிடம் எப்படிம்மா மூன்று வருஷமாக ஜெபம் செய்தாய்?

மாத்திரை தவறாமல் கொடு. டாக்டர் சொன்னபடி செய். நோட்டை ஒழுங்காக எழுது. உன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், அவர்களுக்குப் புரிய வேண்டும்.

அம்மா விஷயத்தில் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் காகிதத்திலேயே இரண்டு தடவை ஆரம்பித்து அடித்துவிட்டேன். மேலே தெரியும் கறுப்புக் கோடுகள் அதுதான். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மேக்ஸ்வெல்


வாழவந்தி,
21.11.2024

அண்ணனுக்கு,

கறுப்புக் கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "அன்றைக்கு நீ" என்பது மட்டும் தெரிந்தது. அன்றைக்கு நான் என்ன? என் வாயால்தான் வந்தது என்று நீங்களும் நினைக்கிறீர்களா? அப்படியானால் அடிக்காமலே எழுதியிருக்கலாம்.

மோனிஷா முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. இது நோயால் வந்த வீக்கம் இல்லை, ஸ்டீராய்டு மாத்திரையால் வந்த ஊதல். கன்னம் இரண்டும் உப்பி, கழுத்தே காணோம். மாத்திரை பசியைக் கிளப்பும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொன்னார். இவ்வளவு கிளப்பும் என்று நான் நினைக்கவில்லை. விடியும் முன்னால் எழுந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். ஐந்து தோசை சாப்பிட்டுவிட்டுத் தட்டையே பார்க்கிறாள். தட்டின் மேல் கை வைத்து எத்தனையோ நாள் ஆகிறது. நேற்று கண்ணம்மாளக்கா வீட்டு ஊறுகாய் ஜாடியில் கை விட்டுவிட்டாள். உப்பே ஆகாத பிள்ளை. நான் அடித்துவிட்டேன். "பசிக்குதும்மா" என்று மட்டும் சொன்னாள். அழக்கூட இல்லை.

காப்பிப் பழம் பறிக்கப் போகிற வழியில் இரண்டு நாளாகக் காட்டெருமை ஒன்று நிற்கிறது. எல்லோரும் சுற்றிப் போகிறோம். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு வீட்டுக்குள் இருக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது.

பன்னிரண்டாம் தேதி காலையில் இருந்து டியூபில் வேறு மாதிரித் தெரிகிறது. எப்படி என்று எழுத மாட்டேன், கேட்காதீர்கள். நோட்டில் வழக்கம்போல ஒரு பிளஸ் போட்டுக்கொண்டு வருகிறேன். ஒன்றும் இல்லை என்றால் நில் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலீஷ் வார்த்தைதான். ஆனால் தமிழில் எழுதிப் பாருங்கள். நிற்கச் சொல்கிற வார்த்தை. எதை நிற்கச் சொல்கிறேன் என்று யாருக்குத் தெரியும். எழுதி, ரப்பரால் அழித்து, பிளஸ் போட்டேன். இவருக்கும் தெரியாது.

சுஜாதா


ஓசூர்,
27.11.2024

சுஜா,

முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு உன் நோட்டுக்கு வருகிறேன்.

அம்மா போன அன்றைக்கு நீ வெந்நீர் வைக்க எழுந்து போனாய். அடித்த வரி அதுதான். அறையில் நான் மட்டும் இருந்தேன். அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முதுகெல்லாம் புண். என்னால் பார்க்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, "போதும் ஆண்டவரே" என்றேன். உன்னைப் போல மனசு நிறைந்து சொன்னது இல்லை. முடித்துவிடுங்கள் என்று சொன்னேன். நீ வெந்நீரோடு வந்தபோது முடிந்திருந்தது.

அடக்கம் பண்ணும்போது நீ "என் வாயிதான் அம்மாளக் கொன்னுருச்சு" என்று அழுதாய். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அந்த வார்த்தையை நானும் சொன்னேன் என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் உன் பாரம் பாதி இறங்கியிருக்கும். சொல்லவில்லை. உன் பயத்துக்குப் பின்னால் என் பயத்தை ஒளித்து வைத்துக்கொண்டேன். இரண்டரை வருஷமாக ஊர் ஊராகப் போய் நன்றி சொல்லுங்கள் என்று பிரசங்கம் செய்கிறேன். அம்மாவுக்காக ஒரு நாள்கூட நான் நன்றி சொன்னதில்லை. சொல்ல வாய் எடுத்தால் அந்த அறைதான் ஞாபகம் வருகிறது. வெட்கமாக இருக்கிறது கண்ணு.

இன்னொன்றும் இருக்கிறது. சாட்சி என்றால் கண்டதைச் சொல்வது. கோர்ட்டிலும் அவ்வளவுதான். அறுப்பின் பண்டிகையில் நீ, "ஒம்பது மாசமா வரலைங்க" என்று கண்டதைத்தான் சொன்னாய். நான்தான் மைக்கை வாங்கி, பூரண சுகம், இனி வரவே வராது என்று சொல் என்றேன். திரும்பி வரக்கூடிய வியாதி என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கும் தெரியும். கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, கண்டதற்கு மேலே உன்னைச் சொல்ல வைத்தேன். இப்போது நீ கண்டதற்குக் கீழே எழுதுகிறாய். இரண்டும் பொய்ச்சாட்சிதான் அம்மா.

பன்னிரண்டாம் தேதி டியூபில் என்ன கண்டாய்? அதை உடனே டாக்டரிடம் சொல். நோட்டைப் பார்த்துத்தானே அவர்கள் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும். மாப்பிள்ளையிடம் சொல்ல மூன்று தடவை போனை எடுத்தேன். நீ என்னை நம்பி எழுதியதை அவரிடம் போட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வருகிற செவ்வாய்க்குள் உன் பதில் வராவிட்டால் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொள்.

மேக்ஸ்வெல்


சேலம், குழந்தைகள் வார்டு,
7.12.2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் எனக்கு ஐந்தாம் தேதி மத்தியானம்தான் கிடைத்தது. நீங்கள் வைத்த கெடு தாண்டிவிட்டது. மூன்று நாள் மழையில் மலை ரோடு சரிந்து, கரண்டும் இல்லை, டவரும் இல்லை. நீங்கள் கூப்பிட்டிருந்தாலும் இவருக்குக் கிடைத்திருக்காது.

இரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், வர முடியவில்லை. ரோட்டு வளைவில் போய் நின்றால்தான் எப்போதாவது கொஞ்சம் சிக்னல் வரும், அங்கே நின்று நோட்டைப் படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பிவைத்தோம். ஐந்து வாரம் மாத்திரை கொடுத்தும் தினமும் பிளஸ். மருந்துக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, பிள்ளையின் முதுகு வழியாகச் சிறுநீரகத்தில் ஊசி இறக்கித் துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி வந்து சேருங்கள் என்று பதில் போட்டார். இவர் வாசித்துக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று ராத்திரியும் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். சொன்னால் இவர் என்ன சொல்வாரோ என்று பயம். சொல்லாவிட்டால் ஊசி. சொல்லி, அந்தத் தெளிவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்கிற பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது.

அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. அம்மா அறையில் நீங்கள் சொன்னதை வாசித்தேன். உங்கள் மேல் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அந்த அறையில் நானும் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். அம்மா அவ்வளவு கஷ்டப்பட்டாள்.

இவரிடம் சொன்னேன். போன மாசம் பன்னிரண்டாம் தேதியில் இருந்து ஒரு நாள்கூடக் கலங்கவில்லைங்க, எல்லாம் தண்ணி மாதிரித் தெளிவா இருந்துச்சுங்க என்றேன். "அப்ப எம் புள்ள பசீல தவிச்சதெல்லாம் இதுக்காடி" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அதிகம் பேசவில்லை. எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு வாங்கி, மறுநாள் எங்களைக் குப்பனூர் வழியாக மலையை விட்டு இறக்கினார். பாதி வழியில் ரோட்டில் மண். மேலே பார்க்காதே என்றார். நான் மேலேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

லேபில் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. டாக்டரம்மா நோட்டையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தொடர்ந்து மூன்று நாள் தெளிந்ததுமே மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாளாகக் குறைத்திருக்க வேண்டுமாம். மூன்று வாரம் வீணாகக் கொடுத்திருக்கிறேன். "உன் நோட்ட நம்பித்தாம்மா நான் ஊசிக்குத் தேதி குறிச்சேன்" என்றார். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டார். சந்தோசப்பட்டாப் போயிருமோன்னு பயமுங்க என்றேன். அவர் திட்டவில்லை. நோட்டை என் பக்கம் தள்ளி, திருத்தச் சொன்னார். போன மாதம் பன்னிரண்டாம் தேதியில் இருந்து ஒவ்வொன்றாக அடித்து எழுதினேன். இருபத்தைந்து நில். கை வலித்தது.

ஊசி வேண்டாம் என்றுவிட்டார். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருப்பதால் இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறார்கள். அதுவும் மாத்திரையால்தான். பக்கத்துக் கட்டிலில் மேனகா என்று ஒரு பெண், பத்து வயது, இதே வியாதி. இவளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறாள். மோனிஷா தோசை வரைகிறாள்.

சுஜாதா


ஓசூர்,
12.12.2024

சுஜா,

ஸ்தோத்திரம். இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஊசி போட வைத்திருந்த நாள் இன்று. காலையில் எழுந்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஜெபம் செய்ய உட்கார்ந்து, அம்மாவுடைய பெயரைச் சொல்லி நன்றி சொன்னேன். அந்த அறை ஞாபகம் வந்தது. வரட்டும் என்று விட்டேன். முதுகுப் புண்ணோடு அவளை இன்னும் ஒரு நாள் வைத்திருக்கவில்லையே, அதற்கும் நன்றி என்றேன். வெகு நேரம் அழுதேன். சபை வேலையாக வந்தவர் என்னவோ ஏதோ என்று பயந்து போய்விட்டார்.

நீ மேடை ஏற வேண்டாம். என் சபையில் இனி நான் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. வியாதி நாளைக்கே திரும்பினாலும் திரும்பலாம், அதையும் எனக்கு எழுது. மாப்பிள்ளையின் கோபம் நியாயமானது. ஆறுகிற வரைக்கும் பொறுத்துக்கொள்.

மேக்ஸ்வெல்


வாழவந்தி,
29.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

காலையில் டியூப் பார்த்தேன். நில். பேனாவால் எழுதினேன். நோயைத்தானே நிற்கச் சொல்கிறேன் என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்ச்சாட்சி. சொட்டு விட்டதும் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டேன்.

இவர் பேச ஆரம்பித்துவிட்டார். இப்போதெல்லாம் டியூபை அவரும் வந்து பார்க்கிறார். என்னை நம்பாமல்தான். பார்க்கட்டும்.

இன்று ஆராதனை முடிந்து வந்து தோசை ஊற்றினேன். மோனிஷா இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு போனேன். தட்டின் மேல் கையை வைக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "போதும்மா" என்றாள்.

இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். யாருடி சொல்லிக் குடுத்தது என்று கேட்டேன். "மேனகாக்காதான். வயிறு நெறஞ்சிருச்சுன்னா போதும்னு சொல்லோணுமாம். கைய வெச்சா சுட்டுருமாம்" என்றாள். பிறகு, "இப்ப பசிக்கலம்மா" என்றாள். இரண்டு மாதமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை வீட்டுக்குள் வரவிடாமல் மூன்று வருஷம் கதவைச் சாத்தி வைத்திருந்தேன்.

ஏதாவது நடக்கும் என்று கரண்டியோடு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் கை கழுவப் போனாள். இவர் அந்த மூன்றாவது தோசையை எடுத்துக்கொண்டார்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு சிக்னல் வருகிற வளைவில் நிற்பேன், கூப்பிடுங்கள். மோனிஷா பேச வேண்டுமாம்.

மாவு மீந்துவிட்டது அண்ணா, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக. அதை மூடி வைத்துவிட்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, இன்னிக்கு இது போதும்" என்றேன். சொன்ன கையோடு ஓடிப்போய் அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை, வீக்கம் இல்லை. அதையும் நோட்டில் எழுதினேன்.

சுஜாதா